பலகை வந்துவிட்டது, தண்ணீர்தான் இல்லை

முதல் நாள், திங்கள்

மீனம்பாக்கத்தில் துணிப்பெட்டி முதலில் வந்துவிட்டது. பலகை வர இன்னும் நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் நான் சுழலும் பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலையை என் மனைவி பார்த்திருந்தால், "பிள்ளையைத் தொலைச்சப்பகூட இப்படி நிக்க மாட்டீங்க" என்று சொல்லியிருப்பாள்.

வந்த பிறகு சுங்கத்தில் நிறுத்தினார்கள். ஆளுயரப் பை, நிறுத்தத்தான் செய்வார்கள். அதிகாரி ஜிப்பைப் பாதி திறந்து பார்த்தார்.

"என்ன சார் இது, ஜெட் ஸ்கீயா?"

"இல்ல சார். வாட்டர் ஸ்கீ."

"எஞ்சின் எங்க?"

"எஞ்சின் போட்ல இருக்கும். போட் கயிறு கட்டி இழுக்கும், நான் இது மேல நிப்பேன்."

"ஒரு கட்டைதான் இருக்கு. இன்னொண்ணு?"

"ஒண்ணுதான் சார். ரெண்டு காலும் இதுலயேதான்."

அவர் என் கால்களை ஒருமுறை பார்த்தார். அப்புறம் பைக்குள் இருந்த காலிப்பரை எடுத்தார். லேத் பட்டறையில் அளக்கிற அதே கருவிதான். பலகையின் அடியில் பின்பக்கம் ஓர் உலோகத் துடுப்பு இருக்கிறது. அதன் ஆழத்தையும் நீளத்தையும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து வைப்போம். கொஞ்சம் நகர்ந்தால் பலகை திரும்பும் விதமே மாறிவிடும். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "அளக்கறதுக்கு" என்றேன். விட்டுவிட்டார்.

நான் நங்கநல்லூர்க்காரன். மெல்பர்னில் குடியேறிப் பதினான்கு வருடம், கணக்கு வேலை, வயது 43. கோடைக்காலத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தண்ணீர்மேல். வருடத்துக்கு ஐந்தாறு போட்டி. காசு வாங்காமல், காசு கொடுத்து ஆடுகிற ரகம். வியாழக்கிழமை அப்பாவுக்குச் சதாபிஷேகம். ஊர் திரும்பிய ஒன்பதாவது நாள் எனக்குப் போட்டி. இங்கே தை மாதம் என்றால் அங்கே சீசனின் நட்டநடு. அதனால்தான் பலகையையும் தூக்கிக்கொண்டு வந்தேன். இவ்வளவு பெரிய கடற்கரை ஊரில் எங்கேயாவது ஒரு படகும் கொஞ்சம் தண்ணீரும் கிடைக்காதா என்ற நம்பிக்கை.

இரண்டாம் நாள், செவ்வாய்

மொட்டை மாடியில் துணி காயப்போடும் இரும்புக் கம்பத்தில் கயிற்றைக் கட்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து நின்றேன். பத்து நாள் இழுக்காமல் இருந்தால் உள்ளங்கைக் காய்ப்பு மிருதுவாகிவிடும். அப்படி மிருதுவான கையோடு முதல் நாள் இழுத்தால் தோல் பட்டை பட்டையாக உரிந்து வரும். அது வேண்டாம் என்றுதான் இந்தக் கூத்து. பக்கத்து வீட்டு மாமி வற்றல் போட வந்தவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார்.

சாப்பிடும்போது அம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தாள். "கொத்தனார் கை மாதிரி இருக்கேடா. ஆபீஸ்ல என்னதான் வேலை குடுக்கறான்?"

சித்தப்பா விஷயத்தை நேராகப் பிடித்தார். "ஜெயிச்சா எவ்வளவு வரும்?"

"வராது சித்தப்பா. நுழைவுக் கட்டணம் நாமதான் கட்டணும்."

"அப்ப தோத்தா?"

"அதுவும் அதே கட்டணம்தான்."

அவருக்காகத் தட்டில் பருப்பை ஒதுக்கி, அப்பளத் துண்டுகளை மிதவையாக வைத்து விளக்கினேன். ஓடுதளம் 259 மீட்டர். படகு நடுவே நேர்கோட்டில் போகும், வளையாது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மொத்தம் ஆறு மிதவை. ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி. நாம் படகுக்குப் பின்னால் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பாய்ந்து, ஆறு மிதவையையும் வெளிப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். 35 வயதைத் தாண்டிய ஆண்கள் பிரிவில் உச்ச வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஓடுதளம் முழுவதும் 17 நொடிக்குள் முடிந்துவிடும். ஆறையும் சுற்றிவிட்டால் பரிசு என்ன தெரியுமா? கயிற்றைக் குறைப்பார்கள். 18.25 மீட்டர், 16, 14.25, 13, 12, 11.25 என்று போய்க்கொண்டே இருக்கும். 11.25-இல் கயிறு மிதவையை எட்டவே எட்டாது. உடம்பைச் சாய்த்து, ஒரு கையை நீட்டித்தான் மிச்சத் தூரத்தை ஈடுகட்ட வேண்டும். உலகத்தரத்து ஆட்கள் அதையும் தாண்டி 10.25, 9.75 என்று போகிறார்கள்.

"நீ எதுல இருக்க?"

"14.25-ல நாலு மிதவை."

"போன வருஷம்?"

"நாலு."

சித்தப்பா அப்பளத்தைச் சாப்பிட்டுவிட்டார்.

இந்த நாலு என்ற எண்தான் மூன்று வருடமாக என் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஒரு போட்டி நாள் எப்படி இருக்கும் என்று சொன்னால் புரியும். விடியுமுன் எழுந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். மூன்று சுற்று, சுற்றுக்கு எனக்கு மூன்று ஓட்டம் கிடைத்தால் அதிகம். விழுந்தால் அந்தச் சுற்று அத்தோடு சரி, இன்னொரு வாய்ப்பு கிடையாது. கூட்டிப் பாருங்கள், நாள் முழுவதிலும் நான் மிதவைகளுக்கு நடுவே இருப்பது மூன்று நிமிடத்தைத் தாண்டாது. மீதி நேரம்? நடுவர் கோபுரத்தில் உட்கார்ந்து அடுத்தவருக்கு மதிப்பெண் எழுதுவது, மிதவை கட்டுவது, பெட்ரோல் கேன் தூக்குவது. சம்பளத்துக்கு ஆள் கிடையாது, ஆடுகிறவர்களேதான் எல்லாம்.

பணத்தைப் பற்றிச் சித்தப்பாவிடம் முழுசாகச் சொல்லவில்லை. புதுப் போட்டிப் படகு ஒன்றின் விலை ஒரு லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். தனியாள் வாங்க முடியாது. கிளப்பாகச் சேர்ந்து வாங்கி, பெட்ரோல் காசைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். காசை விடப் பெரிய தலைவலி ஆள். ஓடுவதற்கு ஷூ போதும், டென்னிஸுக்கு எதிரே ஒருவர் போதும். இதற்குப் படகோட்ட ஒருவர் வேண்டும், படகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து நான் விழுந்தேனா என்று கவனிக்க இன்னொருவர் வேண்டும். இருவருக்கும் அதே காலையில் ஓய்வு இருக்க வேண்டும், அதே காலையில் காற்றும் அடங்கியிருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் மூன்று பேரின் ஓய்வு நேரத்தை ஒன்று சேர்ப்பது கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதைவிடக் கஷ்டம்.

நாளை முட்டுக்காடு, ஊருக்குத் தெற்கே இருக்கும் உப்பங்கழிப் படகுத்துறை.

மூன்றாம் நாள், புதன்

அதிகாலை நாலே முக்காலுக்கு மச்சான் வண்டியை எடுத்தான். நேராகப் போகாமல் முதலில் கோட்டூர்புரம் பாலத்துக்கு விடச் சொன்னேன். அடையாற்றில் துடுப்புப் படகுக்காரர்கள் பயிற்சி எடுப்பதைச் சின்ன வயதில் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். 1867-இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. இருட்டு விலகும்போது நீளமான ஒல்லிப் படகு ஒன்று சத்தமில்லாமல் வந்து திரும்பியது. நல்ல அமைதியான தண்ணீர், கண்ணாடி மாதிரி. வாசனைதான் மேலே வந்தது. இதில் துடுப்புப் போடலாம். விழுவதையே வேலையாக வைத்திருக்கும் என்னைப் போன்றவன் இறங்கக் கூடாது. 55 கிலோமீட்டர் வேகத்தில் முகம் தண்ணீரில் மோதினால் மூக்கு, காது, வாய் எல்லா வழியாகவும் உள்ளே போகும். என் கிளப்பில் இரண்டு பேருக்குச் செவிப்பறை கிழிந்திருக்கிறது, அதுவும் சுத்தமான ஏரியில்.

அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலை, சோழிங்கநல்லூர், அக்கரை, உத்தண்டி சுங்கச்சாவடி. முட்டுக்காடு பாலத்தில் இறங்கி எட்டிப் பார்த்தபோது ஆறே கால். சொன்னால் நம்புங்கள், நெஞ்சு அடித்துக்கொண்டது. காற்று இல்லை. பாலத்துக்கு மேற்கே தண்ணீர் இஸ்திரி போட்டது போலக் கிடந்தது. மடவை மீன் ஒன்று துள்ளி விழுந்து, அந்த வட்டம் கரை வரைக்கும் போனது. மனதுக்குள் ஆறு மிதவையையும் போட்டுப் பார்த்துவிட்டேன். எடுக்கவும் நிறுத்தவும் இடம் சேர்த்து 600 மீட்டருக்கு மேல் நேர்நீர் வேண்டும். இருக்கிறது!

ஆனால் படகுத்துறை திறக்கும் நேரம் அது இல்லை. டீக்கடையில் இரண்டு டீ, ஒரு பன். மச்சான் காரிலேயே தூங்கினான். துறை திறந்து, சீட்டு வாங்கி, வேகப்படகில் நான் உட்காரும்போது மணி ஒன்பதரை ஆகிவிட்டது. வாடைக்காற்று எழுந்திருந்தது. காலையில் பார்த்த இஸ்திரித் தண்ணீர் அதற்குள் கசங்கிப் போயிருந்தது.

படகோட்டி நல்ல மனிதர், ஐம்பது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னதும், "ஜெட் ஸ்கீயா சார்?" என்றார். இரண்டாம் முறை விளக்கினேன். போனில் வீடியோ காட்டினேன். முழுசாகப் பார்த்தார். அப்புறம் எஞ்சினை அணைத்து, பக்கத்தில் கிடந்த மூங்கில் கழியை எடுத்துத் தண்ணீரில் ஊன்றி, ஈரம் ஏறியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். என் இடுப்பளவுதான்.

"இங்க இவ்ளோதான் சார். அந்தாண்ட இன்னும் கம்மி. மழைக்கு மண்ணு வந்து மேடாயிடுச்சு. நீங்க வுழுந்தா கால் தரையில குத்தும்."

அவர் சொன்னது சரி. இன்னொன்றை அவர் சொல்லவில்லை, நானே பார்த்தேன். எங்கள் படகு எழுப்பிய அலை கரையில் மோதித் திரும்பி வந்து, நாங்கள் நின்ற இடத்தையே ஆட்டியது. இதற்கென்று வெட்டிய ஏரிகளில் கரையைச் சரிவாக அமைத்து, அலை அங்கேயே சாகும்படி செய்திருப்பார்கள். இங்கே அலை போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. நடுவில் மீன் வலை கட்டிய குச்சிகள் வேறு. அந்தக் குச்சிகள் இருக்கிற இடத்தில் வந்து என் மிதவையைப் போடுகிறேன் என்று கேட்க எனக்கு வாய் வராது. அது அவர்கள் பிழைப்பு, எனக்கு இது விளையாட்டு.

மெல்பர்னிலும் தண்ணீருக்கு இதே பஞ்சாயத்துதான். ஒரு கோடையில் நீலப்பச்சைப் பாசி படர்ந்து எங்கள் ஏரியை மூடிவிட்டார்கள். பொது ஏரிகளில் இப்போது அடிவயிற்றில் டன் கணக்கில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு பெரிய அலை எழுப்புகிற படகுகள் வந்துவிட்டன. கயிறில்லாமல் அந்த அலைமேல் சறுக்குவார்கள். பார்க்க அழகுதான். அவை ஒருமுறை போய்விட்டால் அரை மணி நேரத்துக்கு எங்களால் இறங்க முடியாது. கரை வீட்டுக்காரர்களுக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்: சத்தம் போடுகிறவர்கள்.

திரும்பும் வழியில் துரைப்பாக்கம் சாலையில், பள்ளிக்கரணைச் சதுப்பில் பூநாரைகள் நின்றிருந்தன. நூறு இருக்கும். முழங்கால் ஆழத் தண்ணீர் போதும் என்று இருக்கிற உயிர்களைப் பார்த்து முதல்முறையாகப் பொறாமைப்பட்டேன்.

நான்காம் நாள், வியாழன்

சதாபிஷேகம். வெள்ளிச் சல்லடை வழியாக அப்பாவின் தலையில் தண்ணீர் விழுந்தபோது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, குளிருகிறது என்று முணுமுணுத்தார். அம்மா சிரித்தாள். நானும் மூன்று குடம் ஊற்றினேன். இந்த ஊரில் இன்றைக்கு நான் தொட்ட தண்ணீர் அதுதான்.

பந்தியில் மச்சான் காதோரம் வந்து, "கோவளத்துல ஒருத்தரப் புடிச்சிருக்கேன். ஃபைபர் போட். காலைல அஞ்சே முக்காலுக்கு" என்றான். பாயசத்தை இரண்டாம் முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் நாள், வெள்ளி

தெரிந்தேதான் போனேன், அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கிளப் படகில் 350 குதிரைத்திறனுக்கு மேல். வேகத்தை ஜிபிஎஸ் பார்த்துக்கொள்ளும், கயிறு படகின் நடுவில் நிற்கும் கம்பத்தில் மாட்டப்படும். கோவளத்து ஃபைபர் போட்டில் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு, குறுக்கே ஒரு பலகை, அடியில் மீன் செதில். 82 கிலோ ஆளை ஒற்றைப் பலகையில் ஆழ்தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்த மணிக்கு முப்பது கிலோமீட்டராவது வேண்டும். கணக்குப் படித்தவன் நான். ஆனாலும் கடைசியாகப் பலகையில் நின்று பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

போட்டுக்காரர் என் பலகையைக் கையில் வாங்கி எடை பார்த்தார், துடுப்பைத் தொட்டார். எனக்குப் பக்கென்றது. "நல்லாக்கீது சார். கண்ணாடி மாரி" என்றார். அவர் மகனும் வந்திருந்தான், ஏழாவது படிக்கிற பையன். கோவளத்தில் அலைச்சறுக்குப் பழகுகிறவன். எதற்கோ தன் எட்டடிப் பலகையையும் படகில் போட்டுக்கொண்டான்.

அலை உடைகிற இடத்தைத் தாண்டினோம். லேசான ஏற்ற இறக்கம், மேலே காற்றுச் சுருக்கம் இல்லை. லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு குதித்தேன். மச்சான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தான். கயிற்றைக் குறுக்குப் பலகையில் கட்டியிருந்தது. முழங்காலை மார்போடு மடக்கி, பலகை நுனியை மேலே நிறுத்தி, கையைத் தூக்கிக் காட்டினேன்.

கயிறு விறைத்தது. அவ்வளவுதான் நடந்தது. நான் எழவில்லை, படகும் நிற்கவில்லை. நெஞ்சுக்கு எதிரே கடல் ஒரு சுவராக எழுந்து மூக்குக்குள் இறங்கியது. "எந்திரி சார்! எந்திரி!" என்று போட்டுக்காரர் கத்துவது கேட்டது. "வேகம் வேணும்ணா!" என்றேன், பாதி உப்புத்தண்ணீர். "இதுக்கு மேல முறுக்கினா எஞ்சின் கயண்டுடும் சார்!"

மூன்று முறை. மூன்றாவது முறை ஒரு நிமிடம் விடாமல் பிடித்துப் பார்த்தேன். மச்சான் அதை வீடியோ எடுத்திருக்கிறான். அதில் தெரிவது ஒரு தலை, இரண்டு கை, ஒரு பலகை நுனி. தூண்டிலில் மாட்டிய வஞ்சிரம்கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாக வரும்.

படகைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மூச்சு வாங்கும்போது பையன் அப்பாவிடம் ஏதோ சொன்னான். அப்புறம் தன் பலகையைத் தண்ணீரில் போட்டான். ஜாக்கெட்டைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டேன், தொளதொளவென்று இருந்தது. கயிறு நீளமாக இருக்கிறது, அந்தண்டை வளையத்தில் கட்டு என்று அப்பாவுக்கு உத்தரவு வேறு. முதலில் குப்புறப் படுத்தான், அப்புறம் முட்டி போட்டான், அப்புறம் எழுந்து நின்றுவிட்டான். பத்து நொடி ஆகியிருக்காது. படகு பதினைந்து கிலோமீட்டர் வேகம்கூடப் போகவில்லை. அகலமான பலகைக்கு அது போதும்.

இந்த விளையாட்டே அப்படித்தான் பிறந்தது. 1922-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன் அண்ணன் ஓட்டிய படகுக்குப் பின்னால் விழுந்து விழுந்து பார்த்தான். பீப்பாய்ப் பலகையைக் கட்டிப் பார்த்தான், பனிச்சறுக்குக் கட்டையைக் கட்டிப் பார்த்தான், இரண்டும் முழுகின. கடைசியில் எட்டடி நீளம், ஒன்பது அங்குல அகலத்தில் இரண்டு பலகை வாங்கி, அம்மாவின் செப்புக் கொப்பரையில் நுனியை வேகவைத்து வளைத்துக்கொண்டான். அதில்தான் நின்றான். கார்பனும் காலிப்பரும் எல்லாம் பின்னால் வந்தவர்கள் செய்த வேலை.

பையன் ஒரு கையை விட்டு மச்சானுக்கு டாட்டா காட்டினான். நான் போட்டில் உட்கார்ந்து அவன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை இரண்டும் நேராக, இடுப்பு முன்னால், முட்டி லேசாக மடங்கி. "கையை மடக்காதே, இழுக்காதே, நில்லு" என்று என் பயிற்சியாளர் நான்கு வருடமாகக் கத்துகிறார். இந்தப் பையனிடம் யாரும் கத்தவே இல்லை.

அப்புறம் நானும் அவன் பலகையில் நின்றேன். இரண்டு நிமிடம். வேகம் சைக்கிள் வேகம். அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, ஆனால் இறங்க மனம் வரவில்லை.

ஏழரைக்கு வாடை கிளம்பியது. கரையில் போட்டுக்காரர் டீசல் காசு, பெட்ரோல் காசு என்று எதுவும் பேரம் பேசவில்லை. கொடுத்ததை எண்ணாமல் மடித்து வைத்துக்கொண்டார். "அடுத்த தபா பெரிய எஞ்சினு வாங்கி வெக்கறேன் சார்" என்றார். கையைப் பார்த்தேன். இடது உள்ளங்கையில் ஒரு கொப்புளம். மொட்டை மாடிப் பயிற்சி போதவில்லை.

ஆறாம் நாள், சனி

கயிற்றைப் பையனிடமே விட்டு வந்தேன். நேற்றே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டது. அது பழைய கயிறு, போட்டிக்குப் புதுசு கிளப்பில் கொடுப்பார்கள். ஒவ்வொரு நீளத்துக்கும் ஒவ்வொரு நிறத்தில் வளையம் உண்டு என்று விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் அவன் கைப்பிடியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

காலையில் பலகையைத் துடைத்து, துடுப்பை அளந்தேன். நகர்ந்திருக்கிறது. எவ்வளவு என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஊருக்குப் போய்த்தான் சரி செய்ய வேண்டும், போட்டிக்கு முன்னால் எனக்கு ஒரே ஒரு சனி, ஞாயிறுதான் இருக்கிறது. அந்த சனிக்கிழமை படகோட்டி வர முடியாது என்று கிளப் குழுவில் செய்தி வந்திருக்கிறது. அவர் பெண்ணுக்குப் பிறந்தநாளாம். ஞாயிற்றுக்கிழமை மழை.

அம்மா புளிக்காய்ச்சல் பாட்டிலைப் பலகைப் பையில் துணி சுற்றி வைத்திருக்கிறாள். "இதுதான் நல்ல மெத்துன்னு இருக்கு" என்கிறாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது மச்சான் போனில் ஒரு வீடியோ வந்தது. கோவளம், அதே படகு. இன்றைக்கு மூன்று பையன்கள், முறை போட்டுக்கொண்டு. கேமரா ஒரு நொடி படகுக்குள் திரும்பியது. நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன். கயிற்றைக் குறுக்குப் பலகையில் மஞ்சள் வளையத்தில் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். வலைக்காரர் முடிச்சு, தண்ணீர்பட்டு இறுகியிருக்கிறது. இனி அதை அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் முடியும். மஞ்சள் என்றால் 14.25.